லோமே போகிறவர்களுக்கு முப்பத்திரண்டு பதில்கள்

லோமே நகரத்தைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் பேச முடியும். மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்ற ஒல்லியான நாட்டின் தலைநகரம் அது. கடலை ஒட்டி நீளமாகக் கிடக்கிறது. மேற்குப் பக்கமாக நடந்துகொண்டே போனால் அடுத்த நாட்டின் எல்லை வந்துவிடும். அரசாங்கக் கந்தோரில் பிரெஞ்சு பேசுவார்கள், வீட்டில் வேறு மொழி. மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் ஏறுவதற்கு முன்பே விலையைப் பேசிக்கொள்ள வேண்டும். குடிதண்ணீர் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் கிடைக்கும், மூலையைக் கடித்து உறிஞ்ச வேண்டும். கடற்கரை அழகானது, ஆனால் இறங்கக் கூடாது, நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். துறைமுகத்தைப் படம் எடுக்கக் கூடாது. யாரிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். எதையும் இடது கையால் நீட்டக் கூடாது.

நான் அங்கே போனதில்லை. நான் போன மிகத் தூரமான இடம் கட்டுநாயக்க விமான நிலையம், அதுவும் வழியனுப்புகிறவர்கள் நிற்கும் கம்பி வரைக்கும்தான். மாத்தளை டவுனில் ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் கொடுக்கிற டீச்சர் நான். லோமேக்குப் போனது என் தம்பி. அவனை அங்கேயே புதைத்தார்கள். அவன் புறப்படுவதற்கு முன் அந்த ஊரை அவனுக்குப் பாடமாக்கிக் கொடுத்தவள் நான்.

தம்பிக்கு அப்போது முப்பத்தொரு வயது. கண்டி ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்துப் போகும் ஒரு ஸ்பைஸ் கார்டனில் கைட் வேலை செய்துகொண்டிருந்தான். வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, கறுவாப் பட்டையை உரித்து முகரக் கொடுத்து, மிளகுக் கொடியைக் காட்டி, கடைசியில் அவர்களுடைய முழங்காலில் ஏதோ ஒரு தைலத்தைத் தேய்த்து அனுப்புவான். ஆங்கிலம் கூச்சமில்லாமல் பேசுவான். இலக்கணம் குப்பை. ஆனால் அவனிடம் ஒரு சிரிப்பு இருந்தது, அதைப் பார்த்த பிறகு யாரும் அவனுடைய வினைச்சொற்களைக் கவனிப்பதில்லை. எனக்கு மட்டும் காது கூசும்.

நாடு நொடித்துப்போன அந்த வருடங்களில் வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. முதலில் கிழமைக்கு மூன்று நாள் வேலை என்றார்கள். பிறகு கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார்கள். பிறகு கூப்பிடவே இல்லை. தம்பி வீட்டுக்குள் இருந்தான். காலையில் குளித்து, சேர்ட் போட்டு, எங்கும் போகாமல் கதிரையில் உட்கார்ந்திருப்பான். பொம்பிளை பார்த்திருந்த வீட்டார் பேச்சை மெல்ல மெல்லக் குறைத்து, ஒருநாள் ஃபோனையே எடுக்காமல் விட்டார்கள். சிரிக்கத் தெரிந்த ஒரு மனிதன் வீட்டுக்குள் உட்கார்ந்து இற்றுப்போவதை நானும் அம்மாவும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் எங்கேயாவது போய் ஆளாக வேண்டும் என்று நான் வெறி பிடித்தவள்போல் விரும்பினேன். அந்த விருப்பத்தை நான் இன்றைக்கும் பிழை என்று சொல்லமாட்டேன்.

அப்போதுதான் உக்குவளையிலிருந்து அந்த ஏஜென்ட் வந்தார். எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் நின்று எல்லோரிடமும் கதைக்கிற மனிதர். வெள்ளைச் சப்பாத்து, கையில் இரண்டு ஃபோன். தம்பியையும் இன்னொருவரையும் சுற்றுலாப் பயணிகளாக லோமேக்கு அனுப்பலாம், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றிவிடுவது தன் பொறுப்பு என்றார். ஒரேயொரு சிக்கல்தான் இருந்தது.

"ஏர்போட்ல கேள்வி கேக்கிறாங்க டீச்சர். போன மாசம் ஒருத்தர திருப்பி அனுப்பிட்டாங்க. லோமேல என்னா பாக்கப் போறேன்னு கேட்டதுக்கு சிகிரியானு சொல்லியிருக்காரு."

சிகிரியா எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மலைக்கோட்டை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"டூரிஸ்ட்டுனா டூரிஸ்ட்டு மாதிரி தெரிஞ்சிருக்கணும். எங்க தங்குறது, என்னா பாக்கிறது, என்னா சாப்பிடுறது. நீங்க இருக்கீங்கதானே? ஒங்ககிட்ட படிச்ச ஒரு புள்ளையும் ஃபெயில் ஆனதில்லன்னு ஊரே சொல்லுது."

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் ஒரு முறை உண்டு, அதை வைத்துத்தான் இருபது வருடமாகப் பிழைக்கிறேன். கேள்வி வருவதற்கு முன்னால் பதில் தயாராக இருக்க வேண்டும். விளங்குகிறதா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. முழு வாக்கியமாக, தடுமாறாமல், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடலையே பார்க்காத தோட்டத்துப் பிள்ளைகள் "கடற்கரையில் ஒரு நாள்" என்று என் கட்டுரையை எழுதி ஏ எடுத்திருக்கிறார்கள்.

இரண்டு கிழமை ஃபோனில் கிண்டிக் கிளறினேன். யார் யாரோ அந்த ஊருக்குப் போய்வந்து எழுதியவை, பயணிகளுக்கான ஆலோசனைகள், தூதரகங்களின் எச்சரிக்கைகள், எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் சாறு பிழிந்து சீ.ஆர். கொப்பியில் முப்பத்திரண்டு கேள்வியும் பதிலுமாக எழுதினேன். நீலப் பேனையில் கேள்வி, கறுப்பில் பதில்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் முன்னறையில் வகுப்பு நடந்தது. இரண்டே மாணவர்கள். ஒருவன் தம்பி. மற்றவர் ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர், நாற்பதைத் தாண்டியவர். மலைக் குளிருக்குப் போட்ட கம்பளித் தொப்பியை மாத்தளை வெயிலிலும் கழற்றமாட்டார். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூக்கு நுனியில் வியர்க்கும். நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து குடிவரவு அதிகாரியாக முறைப்பேன். ஒவ்வொருவராக வாசலிலிருந்து நடந்து வந்து பாஸ்போட்டை நீட்ட வேண்டும்.

தம்பிக்கு அது வெறும் கூத்து. வாழ்க்கை முழுக்க டூரிஸ்ட்டுகளைப் பார்த்தவன் இல்லையா? கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, அம்மாவின் குடையைக் கையில் பிடித்து, தண்ணீர்ப் போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நிற்பான். "ஹலோ மேடம், வெரி ஹொட் இன் யுவர் கன்ட்ரி" என்பான். டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பிளேன்டீயோடு வந்த அம்மாவும் சிரிப்பார். நான் கோபப்பட்டு மறுபடியும் வாசலுக்குத் துரத்துவேன். எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

இனி பத்தொன்பதாவது கேள்விக்கு வருகிறேன். அதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

கேள்வி: மலேரியாவுக்கு எதிராக ஏதாவது முன்னெச்சரிக்கை எடுத்திருக்கிறீர்களா? பதில்: ஆம் சேர், நான் ஏற்கெனவே மாத்திரைகளை ஆரம்பித்துவிட்டேன்.

இவ்வளவுதான். அந்தப் பதிலை இரண்டு பேரும் அருமையாகச் சொன்னார்கள். டிரைவருக்குக்கூட நாக்கு புரண்டது. மாத்திரையை வாங்க வேண்டும், விழுங்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை வெளியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கடற்கரைக் கேள்விக்குப் பதில் படித்தவன் கடற்கரைக்குப் போவதில்லையே. எந்த ஹோட்டலில் தங்குகிறீர்கள் என்பதற்கும் பதில் இருந்தது, அந்த ஹோட்டலில் அவர்கள் தங்கப் போவதில்லை. எத்தனை நாள் என்பதற்கும் பதில் இருந்தது, அதுவும் பொய். முப்பத்திரண்டு பொய்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் உண்மையாக இருக்க வேண்டியது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்கள், ஏனென்றால் அந்த அட்டை இல்லாமல் லோமேயில் உள்ளே விடமாட்டார்கள். கொழும்புக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஊசி போட்ட இடத்தில் மலேரியா மாத்திரையைப் பற்றியும் எடுத்துச் சொல்லி, கையில் ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தம்பி அதைப் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்து என்னிடம்தான் தந்தான்.

"இந்தா அக்கா, பத்தொன்பதுக்கு ஒதவும்."

உதவியது. அதில் மாத்திரையின் பெயர் இருந்தது, கிழமைக்கு ஒன்று, போவதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்று இருந்தது. நான் கறுப்புப் பேனையை எடுத்துப் பதிலைத் திருத்தினேன். ஆம் சேர், கிழமைக்கு ஒரு மாத்திரை, போன கிழமையே தொடங்கிவிட்டேன். பெயரைப் பிழையில்லாமல் உச்சரிக்கும் வரைக்கும் தம்பியை விடவில்லை. பிரசுரத்தின் மிச்சத்தை நான் வாசிக்கவே இல்லை.

அம்மா மட்டும் ஒருநாள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அம்மா பிறந்தது நாவுலப் பக்கம். சின்ன வயதில் வீட்டுச் சுவரெல்லாம் மருந்து அடிக்க வருவார்களாம், குளிர்க் காய்ச்சலில் படுக்காத ஆள் கிடையாதாம்.

"அங்க மலேரியா இருக்கா?" என்று கேட்டார்.

"அது கேள்விமா. பதில் சொல்லணும், அவ்வளவுதான். நீங்க ஏன் இடையில பூருறீங்க?"

அம்மா குசினிக்குப் போய்விட்டார். இப்போது நாட்டில் மலேரியாவே இல்லை. என் வயதுக்காரர்களுக்கு அது பாடப் புத்தகத்தில் வருகிற ஒரு சொல்.

அவன் புறப்பட்ட நாள் கட்டுநாயக்கவில் கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் நின்றோம். உள்ளே போய் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஃபோன் அடித்தது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா! பத்தொன்பது வந்துச்சு! மலேரியாவுக்கு என்னா செஞ்சீங்கன்னு கேட்டாரு. மாத்திரை பேரோட சொன்னேன். குட்னு சொல்லி அடிச்சாரு சீல!"

நான் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவுக்கும் அப்படி மகிழ்ந்ததில்லை. திரும்பி வரும் வழியில் பஸ் நின்ற இடத்தில் அம்மாவுக்குப் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன், நானும் சாப்பிட்டேன்.

லோமேயில் அவர்களுக்கு மதில் சூழ்ந்த ஒரு வளவுக்குள் ஓர் அறை கிடைத்தது. அந்த வளவுக்காரி வாசலில் அடுப்பு வைத்து மீன் பொரித்து விற்கிற விதவை. அம்மா வயது இருக்கும் என்றான். மொழி தெரியாது, கையாலும் கண்ணாலும் பேச்சு. "இங்கயும் சாப்பிட்டியானு கேட்டுட்டுத்தான் வேற கத" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினான். என் கொப்பியில் உள்ளதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எனக்கு எழுதுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. தண்ணீர்ப் பை சரி. கடல் சரி, அலையைப் பார்த்தாலே கால் நடுங்குகிறது. வணக்கம் சொல்வது ரொம்பச் சரி, அவசரத்தில் ஒருநாள் மறந்துவிட்டான், கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழாவது பதில் மட்டும் பிழை என்றான், மோட்டார் சைக்கிள்காரனிடம் பேரம் பேசினால் அவன் சிரிக்கிறானாம், முதலில் சொன்னதே நியாயமான விலையாம். அந்த ஊரையும் அந்த ஆட்களையும் பற்றி அவன் ஒரு குறை சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுவது இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று இழுபட்டது. மூன்றாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் குரல் செய்தி வந்தது. அங்கே காலை.

"அக்கா, காய்ச்சல். ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது. குளுருது."

எனக்குக் கொஞ்சம்கூடப் பதற்றம் வரவில்லை. காய்ச்சல் விஷயத்தில் நான் கெட்டிக்காரி. எங்கள் ஊரில் மழை விட்டதும் டெங்கு வரும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெனடோல் தவிர வேறு எதையும் தொடக் கூடாது, மற்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். நிறையக் குடிக்க வேண்டும். முதல் நாளே ரத்தம் எடுத்துப் பிரயோசனமில்லை, ஒன்றும் காட்டாது. மூன்றாம் நாள் எடுத்துத் தட்டணுக்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் இதே தம்பிக்கு டெங்கு வந்து நான்தான் பார்த்தேன். கண்ட மாத்திரையும் கொடுக்காமல் கொண்டுவந்ததற்கு ஆஸ்பத்திரியில் டொக்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

டியூஷன் பிள்ளைகளை எழுத விட்டுவிட்டு வெளியே வந்து நானும் குரலிலேயே பதில் அனுப்பினேன். அது இன்னும் என் ஃபோனில் இருக்கிறது.

"நுளம்பு கடிச்சிருக்கும், டெங்குதான். பயப்படாத. பெனடோல் மட்டும் போடு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. வேற ஒரு மாத்திரையும் போடாத. யார் என்னா குடுத்தாலும் வேணாம்னு சொல்லு, வெளங்குதா? இளநி குடி. மூணாம் நாள் ரத்தம் பாக்கலாம்."

"சரி டீச்சர்" என்று பதில் வந்தது. கேலி செய்யும்போது மட்டும்தான் அவன் என்னை டீச்சர் என்பான். கேலி செய்கிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காய்ச்சல் விட்டது. வியர்த்துக் கொட்டியதாம், கஞ்சி மாதிரி ஏதோ குடித்தானாம். அம்மாவிடம் போய் "பாத்தீங்களா, நான் சொன்னபடி செஞ்சான், எறங்கிருச்சு" என்றேன். பின்னேரம் மறுபடியும் குளிர் நடுக்கம் என்றான். டெங்கு அப்படித்தான் போக்குக் காட்டும் என்று எழுதினேன். வியாழக்கிழமைதான் மூன்றாம் நாள். ரத்தம் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று பிரெஞ்சில் தேடி எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழவில்லை.

நாலு மணி போல டிரைவர் ஃபோன் எடுத்தார்.

"டீச்சர், இவரு என்னைய யாருன்னு கேக்கிறாரு."

பின்னால் ஒரு பெண்ணின் குரல் ஓங்கிக் கேட்டது. மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, வளவுக்காரி பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை அவன் கண் திறக்கவில்லை. சனிக்கிழமை, நான் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, டிரைவர் மறுபடியும் எடுத்து அழுதார். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது, முதல் நாள் வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும், மூன்று நாள் என்ன செய்தீர்கள் என்று அங்கிருந்த டொக்டர் கேட்டாராம். ஆங்கிலம் தெரிந்த ஒரு நேர்ஸ் மொழிபெயர்த்தாராம்.

உடம்பைக் கொண்டுவர வழி இருக்கவில்லை. கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்த வளவுக்காரி தன்னுடைய பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து, தன்னுடைய ஆட்களைப் பாட வைத்து அடக்கம் செய்தாள். டிரைவர் வீடியோ அனுப்பினார். வெள்ளைத் துணி கட்டிய பெண்கள், எனக்குத் தெரியாத பாட்டு, சிவப்பு மண். இங்கே நாங்கள் பெட்டியில்லாமல் பூசை வைத்தோம். ஏஜென்ட் வரவில்லை. ஊர்க்காரர்கள் வந்து கடவுளின் சித்தம் என்றார்கள், விதி என்றார்கள். தூர தேசத்தில் இருந்த தம்பிக்கு அக்கா செய்யக்கூடியதை எல்லாம் செய்தாள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

ஒரு மாதம் கழித்து, யாரிடமாவது சண்டை போட வேண்டும்போல் இருந்தது. இப்படி ஒரு நோய் உள்ள ஊருக்குப் போகிறவனை ஏன் சும்மா விட்டீர்கள் என்று கேட்கத்தான் மலேரியாவுக்குப் பொறுப்பான அரசாங்க அலுவலகத்தைத் தேடிப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து த்ரீவீலரில் கொஞ்ச தூரம். சிங்கள அதிகாரி, நல்ல தமிழ் பேசினார். நான் கத்தி முடிக்கும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுதான் மிஸ். அப்பிடி ஊருக்குப் போறவங்களுக்கு சும்மாதான் குடுக்கிறோம். வந்து கேட்டாப் போதும்."

பெட்டியில் இருந்த பெயரை எனக்குப் பார்க்காமலே எழுத்துக்கூட்டத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு டியூஷன் வகுப்பில் எனக்குப் பிள்ளைகள்மேல் கோபம் கோபமாக வந்தது. பாடமாக்கியதை ஒப்பிக்கிற பிள்ளையை நிறுத்தி, "என்னா வெளங்குச்சு? சொல்லு" என்று கேட்பேன். அது முழிக்கும். பரீட்சைக்கு முன்னால் இந்த டீச்சருக்கு என்ன வந்தது என்று தாய்மார் குறைப்பட்டார்கள். சிலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள்.

டிரைவர் ஐரோப்பாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்தார். வந்த கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்தார். பாதியாகிவிட்டிருந்தார். தம்பியின் இரண்டு சேர்ட்டையும் சவர செட்டையும் ஒரு பையில் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா சேர்ட்டை விரித்து முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசம்தான் வந்தது, வளவுக்காரி துவைத்துத் தேய்த்து அனுப்பியிருந்தாள்.

அம்மா அதுவரைக்கும் யார்மேலும் பழி சொன்னதில்லை. அன்றைக்கு அந்தச் சேர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மலேரியா ஊருல இருக்கிறவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பக்கத்துலயே இருந்த அந்தப் பொம்பள எம்புள்ளைக்கு ஒரு மாத்திரையாவது வாங்கிக் குடுத்திருக்கக் கூடாதா?"

டிரைவர் தொப்பியைக் கழற்றினார். முதல்முறையாக அவருடைய தலையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"அப்பிடி சொல்லாதீங்கம்மா. பாவம், அந்தம்மா தங்கமான மனுசி. எனக்கு அடுத்த கெழமையே காய்ச்சல் வந்துச்சு. அந்தம்மா குடுத்த மாத்திரைய அன்னைக்கே போட்டேன், மூணு நாள்ல எந்திரிச்சிட்டேன்."

"அப்ப எம்புள்ளைக்கு?"

அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, எழுந்து உள்ளே போய்விட வேண்டும்போல் இருந்தது.

"மொத நாளே கொண்டுவந்தாங்கம்மா. செவ்வாக்கெழம காலையிலேயே. நெத்தியில கை வச்சுப் பாத்துட்டு ஓடிப்போய் வாங்கிட்டு வந்தாங்க. புதங்கெழமையும் கொண்டுவந்து கையப் பிடிச்சுக் கெஞ்சுனாங்க. அவருதான் மாட்டேன்னுட்டாரு. ஃபோன எடுத்து டீச்சரோட கொரல அந்தம்மாவுக்குப் போட்டுக் காட்டுனாரு. அவங்களுக்கு என்னா வெளங்கும்? மை சிஸ்டர், டீச்சர்னு சொல்லி சிரிச்சாரு. வேற ஒண்ணும் போட வேணாம்னு அக்கா சொல்லியிருக்குன்னு எங்கிட்ட சொன்னாரு."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு அறை விழுந்தால்கூட அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா சேர்ட்டை மடித்தார். கைகளை உள்ளே விட்டு, கொலரை நேராக்கி, கடைக்காரன் மடிப்பதுபோல் மடித்து மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார். மாதக் கணக்கில் காணாத ஒரு சிரிப்பு அவருடைய முகத்தில் வந்தது.

"ஆமா, அவன் அப்பிடித்தான்" என்றார் டிரைவரிடம். "சின்னதுல இருந்தே யார் சொன்னாலும் கேக்க மாட்டான். அக்கா பேச்ச மட்டும் தட்டவே மாட்டான்."